நிறுத்தமும் இணைப்பும்



உறவினருக்கு எழுதுங் கடிதத்தில் ஒரு புள்ளி தவறினும் பொருள் கெடுவதில்லை. படிப்பவர் எம்மை அறிந்தவர். எமது குரலை நினைவிற் கொண்டே அக்கடிதத்தைப் படிப்பார். நாம் எழுதாது விட்டதையும் அவரே நிரப்பிக்கொள்வார். அலுவலகத்துக்கும் வங்கிக்கும் வணிக நிலையத்துக்கும் எழுதுங் கடிதம் அத்தகையதன்று. அதனைப் படிப்பவர் எமக்கு அந்நியர். எமது முகத்தையும் அவர் கண்டதில்லை. எமது குடும்பத்தையும் அறிந்ததில்லை. தாளிலே எழுதப்பட்டது எதுவோ அதுவே அவருக்குச் சான்று. அத்தாளிலே எவ்விடத்தில் நிறுத்த வேண்டும், எவ்விடத்திற் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லுவன சில சிறு குறிகளேயாம். அக்குறிகளைப் பற்றியும், வாக்கியங்களை இணைக்கும் முறையைப் பற்றியும் நாளாந்தம் எழும் சில ஐயங்களுக்கு விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலே வாழும் தமிழ் மக்களுக்கு இவ்விடயம் வகுப்பறையோடு முடிந்துவிடுவதன்று. 1987 ஆம் ஆண்டில் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988 ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாக வழங்கும் பிரதேசத்திலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும் மறுமொழி பெறவும் உரித்துடையர் என வகுத்தது. ஆகவே, ரம்புக்கனையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து பிரதேச செயலகத்துக்குத் தமிழிற் கடிதம் எழுதுவது எவரும் இரங்கி அளித்த சலுகையன்று. சட்டம் தந்த உரிமை. ஆயினும், தீர்மானஞ் செய்யும் உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாதவிடத்து, அக்கடிதம் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் கையைக் கடந்தே அவர் மேசையை அடையும். மொழிபெயர்ப்பாளர் எமது சொற்களை மாத்திரமன்றி எமது நிறுத்தங்களையும் மொழிபெயர்க்கின்றார். நாம் நிறுத்தாத இடத்தில் அவர் தாமே ஓரிடத்தைத் தெரிந்து நிறுத்துவார். அது நாம் கருதிய இடமாக இராவிடின், உரிமை இருந்தும் பயன் குறைந்துபோகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். விண்ணப்பமொன்றிலே, "வீட்டில் வசிப்போர்: எனது மகன் இராமன் மனைவி இலட்சுமி" என்று எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இதனை மூன்று வகையாகப் படிக்கலாம். எனது மகன் இராமனும் எனது மனைவி இலட்சுமியும் என்பது ஒன்று. எனது மகன் இராமனும் அவன் மனைவி இலட்சுமியும் என்பது மற்றொன்று. எனது மகன் இராமனுடைய மனைவியாகிய இலட்சுமி மாத்திரம் என்பது மூன்றாவது. தமிழில் ஆறாம் வேற்றுமை உருபு மறைந்து வருவது இயல்பாதலின், இம்மூன்றும் இலக்கணத்துக்கு அமைந்தனவே. எழுதியவர் கருத்து அவருக்கு வெளிச்சமாயிருந்தது, படிப்பவருக்கோ இருளாயிற்று. வீடு பெறும் பட்டியலில் ஒருவரா இருவரா, மனைவியா மருமகளா என்பது சிறு வேறுபாடன்று. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியிலே, தொழிலாளி தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும் தொழில் கொள்வோர் 12 வீதமும் செலுத்தி வருகின்றனர். தொழிலாளி இறப்பின் அப்பணம் யாரைச் சேர வேண்டும் என்று பெயர் குறித்து வைக்குமிடத்து இத்தகைய வரி ஒன்று இருப்பின், அதனை விளக்க வேண்டியவர் அப்போது உயிரோடு இருக்கமாட்டார்.

இதற்குப் பரிகாரம் எளியது. "எனது மகன் இராமன், எனது மனைவி இலட்சுமி" என்று எழுதினால் ஐயமில்லை. மருமகளைக் குறிப்பதாயின், "எனது மகன் இராமனின் மனைவி இலட்சுமி" என்று உருபை விரித்தெழுதுக. குறி செய்யவேண்டிய வேலையைக் குறியும், உருபு செய்யவேண்டிய வேலையை உருபும் செய்தல் வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்றின்மேற் சுமத்தலாகாது.

இவ்விடத்திற் சிலர் ஒரு வினா எழுப்புவர்: "எமது முன்னோர் ஓலைச் சுவடியிலே இக்குறிகள் இன்றியே எழுதினரே, தமிழுக்கு இவை எதற்கு?" என்பது அது. வினா நியாயமானதே. ஓலையிலே எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி, மெய்யெழுத்தின் தலைப்புள்ளியையே எழுதாது விட்டவர் பலர். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விடுவதில்லை. ஆயின் அக்காலத்து நூல்கள் பெரும்பாலுஞ் செய்யுள்கள். அடியும் தொடையும் எதுகையுமே நிறுத்துமிடத்தைக் காட்டின. அன்றியும் அவற்றை ஆசிரியர் வாய்மொழியாகவே மாணாக்கர் கேட்டனர். சொற்களைக் கொண்டு கூட்டும் முறைகளை எட்டுவகைப் பொருள்கோளாக வகுத்து நன்னூல் கற்பித்தது. அருகிலே ஆசிரியர் இருந்தமையால் ஏட்டிலே குறி வேண்டியதில்லை. இக்காலத்துக் கடிதமோ தனியே பயணஞ் செய்கின்றது; உடன் சென்று விளக்குவார் எவருமிலர்.

தமிழ் அச்சேறியது 1578 ஆம் ஆண்டில். கொல்லத்திலே அன்றிக் அடிகளார் அச்சிட்ட "தம்பிரான் வணக்கம்" என்னும் நூல் அவ்வாண்டுக்கு உரியது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வடிவங்களை வேறுபடுத்திக் காட்டினார். எனினும் உரைநடையிலே மேனாட்டுக் குறியீடுகளை ஒழுங்காக அமைத்து, அவற்றைத் தமிழ்ப் பிள்ளைகள் கையிற் கொண்டு சேர்த்த பெருமையில் முதன்மையான பங்கு யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்களுக்கு உரியது. 1822 முதல் 1879 வரை வாழ்ந்த நாவலர், வண்ணார்பண்ணையிலே பாடசாலையும் அச்சியந்திரசாலையும் நிறுவி, பாலபாடங்களையும் வசன நூல்களையும் வெளியிட்டார். பிள்ளைகள் தாமே படித்துப் பொருள் கொள்ள வேண்டும் என்ற நோக்கமே அவரைக் குறியீடுகளின்பாற் செலுத்திற்று என்று கொள்ளுதல் பொருந்தும். ஆதலின் இவற்றை அந்நியப் பொருள் என்று தள்ளவேண்டியதில்லை. இலங்கைத் தமிழ் அறிஞர் ஒருவரால் எமக்கு உரிமையாக்கப்பட்ட பொருள் இது.

குறிகளின் தமிழ்ப் பெயர்களோ கடைத்தெருவின் அளவைப் பெயர்கள். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்பன அவை. கால், அரை, முக்கால், முழுமை என்று நிறுத்தத்தின் அளவை இப்பெயர்களே காட்டுகின்றன. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று பழைய ஆசிரியர்கள் வாசிப்புக் கற்பித்தனர். வணிகக் கடிதத்துக்கு வேண்டிய அளவுகோல் இதுவே.

காற்புள்ளி, ஒரே தரத்தனவாகிய சொற்களைப் பிரிப்பது: "அரிசி, மா, சீனி ஆகியன" என்றாற்போல. ஒவ்வொரு சொல்லும் "உம்" ஏற்று வருமாயின், "அரிசியும் மாவும் சீனியும்" என்று குறியின்றியே எழுதலாம். அவ்விடத்து உம்மையே குறியின் வேலையைச் செய்துவிடுகின்றது. அரைப்புள்ளி, முடிந்தும் முடியாத வாக்கியங்களைப் பிரிப்பது. அதன் இயல்பை அறிய எமது புகையிரத நிலையமே சான்று. கண்டிக்குச் செல்லும் பாதையிலே ரம்புக்கனைக்கு அப்பாற் கடுகண்ணாவை வரை கடிய ஏற்றம். நீராவி இயந்திரக் காலத்தில் பாரமான வண்டிகள் இங்கே நின்று, இன்னுமோர் இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டு ஏறின. வண்டி நின்றது பயணம் முடிந்தமையால் அன்று, மேற்செல்லுதற் பொருட்டே. அரைப்புள்ளியும் அத்தகையது. முக்காற்புள்ளி, இனி வருவது முன் சொன்னதன் விரிவு என்று அறிவிப்பது: பட்டியலுக்கும் விளக்கத்துக்கும் முன்னே வரும். முற்றுப்புள்ளியோ கருத்து முடிந்தது என்பதற்கு அடையாளம்.

முற்றுப்புள்ளியின் அருமையை ஒரு வரியாற் காட்டலாம். "பணம் தரப்படும் நாளை அறிவிக்கவும்" என்று ஒருவர் எழுதுகின்றார். பணம் எந்த நாளிலே தரப்படும், அந்த நாளை எமக்கு அறிவிக்குக என்பது ஒரு பொருள். பணம் நிச்சயமாகத் தரப்படும், இதனை நாளைய தினம் எல்லோருக்கும் அறிவிக்குக என்பது மற்றொரு பொருள். முன்னது கேள்வி, பின்னது வாக்குறுதி. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு புள்ளி. "பணம் தரப்படும். நாளை அறிவிக்கவும்" என்றால் வாக்குறுதி. கேள்வியே கருத்தாயின், "பணம் தரப்படும் திகதியை அறிவிக்கவும்" என்று சொல்லையே மாற்றிவிடுதல் சாலச் சிறந்தது. குறியினால் மாத்திரம் ஐயம் நீங்காதவிடத்துச் சொல்லை மாற்றுக என்பது இங்கே நாம் கொள்ளவேண்டிய விதி.

அடைமொழி இவ்விதிக்கு இன்னுமோர் இடம். "ஓய்வுபெற்ற தொழிலாளரும் கங்காணிமாரும் வருக" என்ற அறிவித்தலிலே, கங்காணிமாரும் ஓய்வுபெற்றோர்தாமா என்பது தெரியவில்லை. காற்புள்ளி இட்டாலும் ஐயம் முற்றாகத் தீராது. "கங்காணிமாரும் ஓய்வுபெற்ற தொழிலாளரும் வருக" என்று முறையை மாற்றினால் ஐயம் ஒழிந்தது. மை செலவில்லை, காலமும் செலவில்லை.

காற்புள்ளி ஒன்றினால் நீதிமன்றம் வரை சென்றவர்களும் உளர். அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலே, மேலதிக நேரத்துக்கு உயர்ந்த கூலி கொடுக்கவேண்டிய கடமையிலிருந்து சில தொழில்களை விலக்கிய சட்டம் ஒன்று இருந்தது. உணவுப் பொருள்களைப் பதப்படுத்தல், உலர்த்தல், களஞ்சியப்படுத்தல் என்று அடுக்கிவந்த அச்சட்டம், இறுதியிலே "அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொதி செய்தல்" என்றும், "அனுப்புவதற்காகப் பொதி செய்தல், அல்லது விநியோகித்தல்" என்றும் இருவகையாகப் பொருள்படும்படி, இடையிலே காற்புள்ளியின்றி நின்றது. ஓக்ஹர்ஸ்ட் பாற்பண்ணையின் வாகனச் சாரதிகள், தாம் விநியோகிப்பவரேயன்றிப் பொதி செய்பவர் அல்லர் என்றும், ஆதலின் தமக்கு மேலதிகக் கூலி உரியது என்றும் வழக்காடினர். 2017 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2018 ஆம் ஆண்டில் 50 இலட்சம் டொலருக்கு வழக்கு இணக்கமாயிற்று. பின்னர் அச்சட்டத்தைத் திருத்தியவர்கள் காற்புள்ளிகளை நீக்கி அரைப்புள்ளிகளை இட்டனர். தொழிலாளர் கூலியை ஒரு சிறு குறி தீர்மானித்த வரலாறு இது.

எமது நாட்டுக்கு இன்னும் நெருங்கிய பாடமொன்று கனடாவில் உண்டு. றொஜர்ஸ், அலையன்ற் என்னும் இரு நிறுவனங்களுக்கிடையே கம்பங்களிற் கம்பி இழுப்பது பற்றி ஓர் ஒப்பந்தம் இருந்தது. முதல் ஐந்து ஆண்டு முடியுமுன் அதனை முடிக்கலாமா என்பது வழக்கு. 2006 ஆம் ஆண்டில், ஆங்கிலப் பிரதியிலிருந்த ஒரு காற்புள்ளியை ஆதாரமாகக் கொண்டு, முடிக்கலாம் என்று ஒழுங்குமுறை ஆணைக்குழு கூறிற்று. 2007 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழிப் பிரதியைப் பார்த்தபோது அதிலே அந்த ஐயத்துக்கு இடமில்லை எனக் கண்டு தீர்ப்பை மாற்றிற்று. இரு மொழியிற் பத்திரங்கள் வழங்கும் நாட்டிலே ஒரு மொழிப் பிரதி மற்றதன் ஐயத்தைத் தீர்க்கவுங் கூடும். புதிய ஐயத்தை உண்டாக்கவுங் கூடும். ஆகவே, கையொப்பமிடுமுன் தமிழ்ப் பிரதியையும் சிங்களப் பிரதியையும் அருகருகே வைத்து, இரு மொழியும் அறிந்த ஒருவரைக் கொண்டு ஒப்புநோக்குதல் அறிவுடைமையாகும்.

எண்களிலே குறி தவறுவது இன்னும் ஆபத்தானது. ரூபா 12,500 என்பது பன்னீராயிரத்து ஐந்நூறு. காற்புள்ளி இருக்குமிடத்திலே புள்ளி வீழ்ந்து 12.500 ஆகுமாயின், பன்னிரண்டரை ரூபாவாகும். இந்தியாவில் 1,25,000 என்று பிரிப்பது வழக்கம். இலங்கையில் 125,000 என்று எழுதுகின்றோம். இரண்டும் ஒரே தொகைதான். ஆயினும் ஒரே கடிதத்தில் இரண்டையுங் கலத்தலாகாது. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுதல் காப்பு. திகதியும் அவ்வாறே. 04.07.2025 என்பதை யூலை 4 என்று நாம் படிப்போம். அமெரிக்க வழக்கிற் பழகியவர் ஏப்பிரல் 7 என்று படிப்பார். "2025 யூலை 4" என்று மாதத்தை எழுத்தால் எழுதினால் எவரும் மயங்கார்.

பெயரின் முதலெழுத்து மற்றொன்று. தந்தை பெயர் கந்தையா, தம் பெயர் முத்தையா என்றிருப்பவர், ஓரிடத்தில் "க. முத்தையா" என்றும், மற்றோரிடத்தில் "கே. முத்தையா" என்றும், வேறோரிடத்தில் புள்ளியே இன்றியும் எழுதுகின்றார். ஊரார் அவரை ஒருவராக அறிவர். பதிவேடு மூவராகக் கொள்ளும். புள்ளி என்பது, இது முழுப்பெயர் அன்று, சுருக்கம் என்று அறிவிக்குங் குறி. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதி ஏடு, வங்கிப் புத்தகம் ஆகிய நான்கிலும் பெயர் ஒரே வடிவில் உளதா என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். இயன்றவரை முழுப்பெயரையே எழுதுதல் நன்று.

இனி, இணைத்தலைப் பற்றிச் சில சொற்கள். இக்காலத்து மாணவரும் இளம் ஆசிரியரும் அடிக்கடி கேட்பது, கைத்தொலைபேசியில் எடுத்த இரண்டு காணொளித் துண்டுகளை ஒன்றாக்குவது எவ்வாறு என்பதாம். "இரண்டின் பெயரும் எம்.பி.4 என்றே முடிகின்றது, ஆயினும் இணைத்தபின் ஒலி ஒரு பக்கமும் உதடு ஒரு பக்கமும் போகின்றதே" என்று அவர்கள் முறையிடுவர். எம்.பி.4 என்பது பெட்டியின் பெயர் மாத்திரமே. பெட்டிக்குள்ளே படவோட்டம் ஒன்றும் ஒலியோட்டம் ஒன்றும் வெவ்வேறாகச் சுருக்கி வைக்கப்பட்டுள்ளன. சுருக்கிய முறை, படத்தின் அகல உயரம், வினாடிக்கு எத்தனை படம், ஒலியை வினாடிக்கு 44,100 முறை பதிந்ததா 48,000 முறை பதிந்ததா என்பன இரு துண்டுக்கும் ஒத்திருப்பின், ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே சேர்க்கலாம். வேலையும் விரைவில் முடியும், தரமுங் குறையாது. ஒவ்வாதாயின், முதலில் ஒன்றை மற்றதன் அளவுக்கு மாற்றியமைத்து, அதன் பின்னரே இணைத்தல் வேண்டும். அதற்கு நேரஞ் செல்லும். தரமுஞ் சிறிது குறையலாம். ஆயினும் படமும் ஒலியும் பிரியா.

வாக்கியத்துக்கும் இதுவே நியதி. "நான் விண்ணப்பம் எழுதி, அதனைத் தபாலிற் சேர்த்தேன்" என்பதிலே இரு வினைக்கும் வினைமுதல் ஒன்றே. ஆதலின் இணைப்பு இயல்பாக அமைந்தது. "நான் விண்ணப்பம் அனுப்பி தாங்கள் மறுமொழி தரவில்லை" என்பதிலே வினைமுதல் வேறாகின்றது, இணைப்புப் பொருந்தவில்லை. "நான் விண்ணப்பம் அனுப்பியும் தாங்கள் மறுமொழி தரவில்லை" என்று எச்சத்தை மாற்றினாற் பொருந்தும். அன்றி, "நான் மே மாதம் 6 ஆம் திகதி விண்ணப்பம் அனுப்பினேன். இன்றுவரை மறுமொழி கிடைக்கவில்லை" என்று இரண்டாகப் பிரித்தால் இன்னுந் தெளிவு. ஒரு பக்கம் முழுவதும் ஒரே வாக்கியமாக எழுதுவது புலமைக்கு அடையாளம் என்று எண்ணுவாருளர். அலுவலகக் கடிதத்தில் அது படிப்பவருக்குப் பாரமே. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. ஒரு பந்தியில் ஒரு கோரிக்கை. இதுவே போதும்.

வியப்புக்குறி வணிகக் கடிதத்துக்கு வேண்டியதன்று. மூன்று வியப்புக்குறிகளை அடுக்கினாற் கோபம் தெரியுமேயன்றி நியாயம் தெரியாது. கைத்தொலைபேசியிற் பேசி எழுத்தாக்குவோர், எழுத்தான பின் குறிகளைத் தாமே சரிபார்த்தல் வேண்டும். கருவி சொல்லைக் கேட்கும், எமது கருத்தை அறியாது.

தோட்டப்புறத்து மக்கள் தாளின் வலிமையை நன்கு அறிந்தவர்கள். முற்காலத்திலே "துண்டு" என்னும் ஒரு சிறு கடதாசி, தொழிலாளியின் கடனைக் குறித்து, அவரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றப் பயன்பட்டது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. 1949 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோரும், தாம் இந்நாட்டில் வாழ்ந்த காலத்தைத் தாள்களைக் கொண்டே நிறுவ வேண்டியவராயினர். அக்காலத்திற் பிறர் எழுதிய தாள் அவர்களை ஆண்டது. இன்று எமது பிள்ளைகள் எழுதக் கற்றவர்கள். தாமே தமது தாளை எழுதக் கூடியவர்கள். அத்தாளைத் தெளிவாக எழுதுவிப்பது பாடசாலையின் கடமை.

இறுதியாக ஒரு சிறு சோதனை. கடிதம் எழுதி முடிந்ததும், விடயம் அறியாத ஒருவரிடம், வீட்டிலுள்ள பிள்ளையிடமேனும் கொடுத்து, உரத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளை தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு குறி வேண்டும், அல்லது ஒரு சொல்லை மாற்ற வேண்டும், அல்லது வாக்கியத்தைப் பிரிக்க வேண்டும். திருத்தியபின் மீண்டும் படிப்பித்து, தடையின்றி ஓடுகின்றதா என்று கேளுங்கள். அதன் பின்னர்க் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொண்டு, மற்றதை அனுப்புங்கள்.